மறுமணமும் குழந்தைப் பாதுகாப்பு வழக்கும்: திருத்தணி எல்லைப் பகுதி

மணமுறிவு பெற்ற தாயோ தந்தையோ மறுமணம் செய்துகொண்டால், புதிதாக வந்த துணைக்கும் குழந்தையைப் பெற்ற மற்றவருக்கும் இடையே பகை மூள்வது உண்டு. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கின் போக்கையே அந்தப் பகை மாற்றிவிடக்கூடும். இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956-இன் 6ஆம் பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் என்ற வரையறைக்குள் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் வரமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களும் அல்ல. இருந்தும் குழந்தை சாப்பிடுவதும் தூங்குவதும் அவர்கள் இருக்கும் வீட்டில்தான் என்பதால், அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கிறது.

திருத்தணியில் இந்தச் சிக்கலோடு மாநில எல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. கோடு மாறியதே தவிர கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. ஆந்திரப் பக்கத்து நகரியிலும் புத்தூரிலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும், தணிகை மலையில் தாலி கட்டுவதும் இரு பக்கத்துக் குடும்பங்களுக்கும் வழக்கமான செய்திகள். அப்படி நடந்த திருமணம் முறிந்தால் தாய் ஒரு மாநிலத்திலும் தந்தை இன்னொரு மாநிலத்திலும் இருக்க நேர்கிறது.

இவ்வழக்குகளுக்கு அடிப்படை, பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890. அதன் 17ஆம் பிரிவு குழந்தையின் வயது, பால், மதம், பாதுகாவலராக வருபவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம், குழந்தையோடு அவருக்கு முன்பிருந்த பழக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம்; நீதிபதி தம் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவது வழக்கம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்லும் குழந்தையின் நலன்.

மறுமணத்தையே ஒரு குற்றமாகக் காட்டும் வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. தாய் இரண்டாவது திருமணம் செய்துகொண்டது ஒன்றையே வைத்துக் குழந்தையை அவரிடமிருந்து பிரிக்க முடியாது என்று 2006இல் அது கூறியது. தந்தைகள் விஷயத்தில் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு கவனிக்கத்தக்கது. தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்துகொண்ட அந்த வழக்கில், மறுமணம் அவருடைய பாதுகாவலர் தகுதியைப் பறிக்காது, ஆனால் இடைக்காலத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதை முடிவு செய்யும்போது அது முக்கியமான காரணி என்றது நீதிமன்றம். பிள்ளைகள் தாய்வழி உறவினர்களிடமே இருந்தார்கள். இந்த நிலைப்பாடு சரியானது என்றே கொள்ள வேண்டும். 'சித்தி வந்துவிட்டாள், இனி பிள்ளை கெட்டது' என்று ஊர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதுவது, அன்போடு வளர்க்கும் எத்தனையோ பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

வழக்கைக் கெடுப்பது அந்த உறவுக்குள் மூளும் சண்டை. சந்திப்புக்கு நீதிமன்றம் குறித்த நாளில் குழந்தையை அனுப்பாமல் இருப்பது, பள்ளி வாசலில் முன்னாள் கணவரோடு புதிய கணவர் மல்லுக்கு நிற்பது, தொலைபேசியை எடுத்துத் திட்டுவது, வாட்ஸ்அப்பில் மிரட்டுவது எல்லாமே பின்னர் மனுவோடு இணைக்கப்படும் ஆவணங்களாகின்றன. மாற்றுப் பெற்றோர் பேசியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், குழந்தையை வைத்திருக்கும் தாயோ தந்தையோதான். பெற்றோரில் மற்றவர்மீது குழந்தையின் மனத்தில் வெறுப்பை ஊட்டி வளர்ப்பதன் தீங்கை உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு தீர்ப்பில் விரிவாகவே பேசியிருக்கிறது. சந்திப்பு இயலாத இடத்தில் காணொளி அழைப்பு மூலமாவது தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020இல் வலியுறுத்தியது.

மாற்றுப் பெற்றோர் குழந்தையைத் துன்புறுத்துகிறார் என்ற புகார் வேறு வகை. அதைப் 'பழைய பகை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. குழந்தை சொல்வதை முதலில் கேட்க வேண்டும். போக்சோ சட்டம், 2012 திருமண உறவால் வந்தவர் செய்யும் பாலியல் குற்றத்தையும் கடுமையான வகையில் வைக்கிறது. பழிவாங்கத் தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்போருக்கு அதே சட்டத்தின் 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. குழந்தையே தவறான தகவல் சொல்லியிருந்தால் குழந்தைக்குத் தண்டனை இல்லை.

பெயரும் அடிக்கடி சண்டைக்கு வித்திடுகிறது. தமிழ்க் குடும்பத்தில் இனிஷியல், தெலுங்குக் குடும்பத்தில் இன்டிபேரு எனும் குடும்பப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் அதை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், பெற்ற தந்தைக்குப் பிள்ளையையே பறித்துக்கொண்டது போலத் தோன்றுகிறது. ஆந்திரத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ஒரு வழக்கில், கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட தாய் குழந்தைக்குப் புதிய குடும்பத்தின் பெயரை வைக்கலாம் என்று 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆவணங்களில் இரண்டாவது கணவரை மாற்றாந்தந்தை என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்றத்தின் உத்தரவு, குழந்தையின் மனத்தைப் பற்றி யோசிக்காத கொடுமை என்று நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரியும் கிருஷ்ண முராரியும் கருதினர். அந்த வழக்கில் எதிரே நின்றவர்கள் இறந்த தந்தையின் பெற்றோர் என்பதை மறக்கக் கூடாது. பெற்ற தந்தை உயிரோடு இருந்தால் மாற்றாந்தந்தை தத்தெடுக்கப் பொதுவாக அவருடைய சம்மதம் வேண்டும். தாயின் மறுமணத்தால் பிள்ளைக்கு ஜீவனாம்சம் தரும் அவர் கடமையும் தீர்ந்துவிடாது.

வழக்கை எங்கே போடுவது என்ற கேள்வி எல்லை ஊரில் தலைவலியாகிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்கும். அதனால் சண்டை முற்றியதும் குழந்தையைத் தாத்தா வீட்டுக்கு, அதாவது அடுத்த மாநிலத்துக்கு, ஏற்றி அனுப்பிவிட்டு அங்கே மனுப் போடுகிறார்கள். நான்கு நாள் தங்கியதை வசிப்பிடம் என்று நீதிமன்றம் ஏற்பதில்லை. பள்ளிச் சேர்க்கை, ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாம் பார்க்கப்படும். நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், அதன் அனுமதியின்றிக் குழந்தையை அதன் அதிகார எல்லை தாண்டி அழைத்துச் செல்ல 26ஆம் பிரிவு பொதுவாக இடம் தருவதில்லை. இரண்டு மாநிலங்களிலும் வழக்கு இருந்தால், ஒன்றை மற்றதற்கு மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டும். பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள இரண்டு ஊர்களின் தகராறு இப்படித்தான் டெல்லி வரை செல்கிறது.

ஒருமுறை கிடைத்த உத்தரவு கடைசி வார்த்தையும் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், இருதரப்பும் ஒப்புக்கொண்டு பெற்ற பாதுகாப்பு உத்தரவைக்கூடக் குழந்தையின் நலன் கோரினால் மாற்றலாம் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மறுமணத்துக்குப் பின் வீட்டு நிலைமை மாறியதைச் சொல்லிப் புதிய மனுத் தாக்கல் செய்யவும், சந்திப்பைத் தடுத்தவரிடமிருந்து குழந்தையின் பொறுப்பை மாற்றக் கோரவும் இந்தத் தீர்ப்பே இன்றும் வழி திறந்து வைத்திருக்கிறது.