கண்ணாடி இழை கொங்கு நாட்டுக்கு வந்த வழி

பிறக்கும்போது அது இழை அல்ல, உருண்டு திரண்ட கண்ணாடித் தண்டு. சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியை எரித்து, அதில் உண்டாகும் தூய சிலிக்காத் துகள்களைப் படியவைத்து அதைச் செய்கிறார்கள். நடுவில் மட்டும் கொஞ்சம் ஜெர்மானியம் சேர்ப்பார்கள். உள்ளே புகுந்த வெளிச்சம் பக்கவாட்டில் கசியாமல் திரும்பத் திரும்ப உள்நோக்கியே எதிரொளித்து ஓடுவது அந்தக் கலப்பால்தான்.

உயரமான கோபுரத்தின் உச்சியில் தண்டைத் தொங்கவிட்டுச் சுமார் 2,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால், நுனி இளகி இழையாக இறங்குகிறது. பஞ்சுப் பட்டையிலிருந்து நூல் இழுத்துப் பழகிய கோவை மில் தொழிலாளிக்கு இந்த வேலை சட்டென்று பிடிபடும். கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெளிச்சம் ஓடும் நடுத்தடமோ 9 மைக்ரான்தான்.

வெளிச்சம் மங்குவது கண்ணாடியின் குணத்தால் அல்ல, அதிலுள்ள அழுக்கால்தான் என்று 1966இல் சொன்னவர் விஞ்ஞானி சார்லஸ் காவ். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் செய்த இழையில், ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெளிச்சம் மிஞ்சியது. அன்றைக்கு அதுவே பெரும் சாதனை. இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி வெளிச்சம் மிஞ்சுகிறது. காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த இழைதான் இன்று ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை நோக்கி வருகிறது. வேலையை நடத்துவது அரசின் டான்ஃபிநெட் நிறுவனம். சூலூர், அன்னூர், கிணத்துக்கடவுப் பக்கத்து ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடங்கும். வடத்தின் பெரும்பகுதி கரண்டு கம்பங்கள் வழியாகவே போகிறது. செய்தியைச் சுமப்பது வெளிச்சம் என்பதால், பக்கத்திலேயே ஓடும் மின்சாரம் அதைக் குழப்புவதில்லை.

ஒரு வடம் முடிகிற இடத்தில் இரண்டு இழை நுனிகளை மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். எங்காவது அறுந்தால் ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் நேரத்தைக் கொண்டு அறுந்த இடத்தின் தூரத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஆள் போய்ச் சேர்ந்து ஒட்டி முடிக்கும்வரை ஊராட்சி அலுவலகத்து இணையம் முடங்கியே கிடக்கும்.

செம்பு இருக்கும் என்று நினைத்து இந்த வடத்தை வெட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பது கண்ணாடியும் நாரும் பிளாஸ்டிக்கும்தான். பழைய இரும்புக் கடையில் அதற்குக் காசு பெயராது. கோவை நகரத்திலோ குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தெருத் தெருவாகத் தோண்டுகிறார்கள். மண்ணுக்கடியில் போகும் வடம் அதில் அறுபடலாம். தோண்டுமுன் அடியில் என்ன போகிறது என்று விசாரிப்பதற்காகவே 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. ஒப்பந்ததாரர் அதில் பதிந்த பிறகே பொக்லைன் தெருவில் இறங்க வேண்டும் என்று மாநகராட்சியும் ஊராட்சிகளும் கண்டிப்புக் காட்ட வேண்டும். அரை நிமிட அவசரத்தில் அறுபடுவது ஒரு ஊரே வரி கட்டவும் சான்றிதழ் வாங்கவும் நம்பியிருக்கும் பொதுச் சொத்து.