புரோபயாடிக் துணைமருந்துகள்

போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் புரோபயாடிக் எனப்படும். 2001-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் கூடிய உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண்மை அமைப்பு வல்லுநர் குழு வகுத்த வரையறை இது. காப்ஸ்யூல், பொடி, சிறு குப்பித் திரவம் என்று மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் இனங்களே மிகுதி.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில்தான் இதன் அறிவியல் வரலாறு தொடங்குகிறது. 1900-ஐ ஒட்டி ஆன்ரி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியத்தைக் கண்டார். அங்கேயே பணியாற்றிய இலியா மெச்னிகோவ், பெருங்குடலில் நடக்கும் அழுகலே முதுமையை விரைவுபடுத்துகிறது என்றும், பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்றும் கருதினார். அந்தப் பாலின் பாக்டீரியாவை 1905-இல் இனங்கண்டவர் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர். மெச்னிகோவ் 1908-இல் பெற்ற நோபல் பரிசோ நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்கானது. தயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னாளில் அமெரிக்காவின் லியோ ரெட்கர், பல்கேரியப் பாக்டீரியா மனிதக் குடலில் நிலைப்பதில்லை என்று காட்டினார்.

இன்றைய காப்ஸ்யூலுக்கு இன்னும் நெருங்கிய மூதாதை ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பிறந்தது. முதல் உலகப் போரில் உடனிருந்தோர் வயிற்றுப்போக்கால் சாய்ந்தபோதும் நோய் அண்டாத ஒரு படைவீரரின் மலத்திலிருந்து 1917-இல் ஆல்பிரட் நிஸ்லே ஒரு இ. கோலை வகையைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார். 1920-களில் பிரெஞ்சு அறிவியலர் ஆன்ரி பூலார், காலரா பரவிய இந்தோசீனாவில் மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களை மருந்தாகக் கொண்டதைக் கவனித்து, அவற்றிலிருந்து ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தார். 1930-இல் கியோட்டோவில் மினோரு ஷிரோட்டா வளர்த்த லாக்டோபேசில்லஸ் வகை, 1935-இல் யாகல்ட் பானமாக விற்பனைக்கு வந்தது.

பயன் எல்லா வகைக்கும் பொதுவானதன்று. எந்த நுண்ணுயிர், எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தது. ஆன்டிபயாடிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் சில வகைகளுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்கு பற்றி 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளியான பெரிய ஆய்வுகளில் பலன் தென்படவில்லை. அந்த வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலே இன்றும் முதல் மருந்து. 2020-இல் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் பெரும்பாலான செரிமானக் கோளாறுகளுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. 'வயிற்றுக்கு நல்லது' என்று பொத்தாம்பொதுவாக விற்கப்படும் குப்பிகளைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

கெடுதலே செய்யாது என்பதும் உண்மையன்று. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் பெற்றோரில் 24 பேரும் பெறாதோரில் 9 பேரும் இறந்தனர். பூலாரின் ஈஸ்ட்டை ஆன்டிபயாடிக் கொல்வதில்லை என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடியும். ஆனால் மைய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தப்பட்ட நோயாளியின் அருகே அதன் பொட்டலத்தைப் பிரிப்பதுகூட ஆபத்து, ஈஸ்ட் இரத்தத்தில் கலந்துவிடக்கூடும்.