கஞ்சி

ஹாங்காங் உணவகங்களின் ஆங்கிலப் பட்டியலில், காலை உணவு வரிசையில் ‘காங்ஜீ’ என்றொரு பெயர் தவறாமல் இருக்கும். சீனச் சொல்போல ஒலித்தாலும் அது நம் கஞ்சியேதான். சீனர்கள் அதைக் காண்டனீசில் ‘ஜுக்’ என்பார்கள், மாண்டரினில் ‘ஜோ’. அதை எழுதும் சீன எழுத்தின் நடுவே அரிசியைக் குறிக்கும் வடிவம் நிற்கிறது. இருபுறமும் வில்போல இரண்டு வளைவுகள்.

நம் சொல்லைக் கடலேற்றியவர்கள் போர்த்துக்கீசியர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா டி ஓர்ட்டா 1563-இல் அச்சான தம் மருந்து நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீரை இப்பெயராலேயே குறிக்கிறார். பாட்டி கைப்பக்குவம் அப்படியே பதிவாகியிருப்பதைக் காணும்போது நெஞ்சு நிறைகிறது. போர்ச்சுகலில் இன்று ‘கான்ஜா’ என்றால் அரிசி போட்ட கோழி சூப்.

ஆங்கிலேயர் அந்தப் பெயரையே சீனக் கிண்ணத்துக்கும் சூட்டினார்கள். அதில் பருக்கை தெரியாது. அரிசி மலர்ந்து, குழைந்து, பால்போல் ஆகியிருக்கும். மேலே இஞ்சிக் கீற்று, வெங்காயத்தாள். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீளமான மாவுத் துண்டான ‘யோதியாவ்’. பிய்த்து முக்கினால், கஞ்சியை உறிஞ்சியும் ஓரம் மொறுமொறுப்பாகவே இருக்கும்.