எதிர்த்து ஓட்டே இல்லை, ஆனாலும் தோற்றது

குடியரசுத் தலைவரைப் பதவியிலிருந்து நீக்க, அவர் அரசியல் சட்டத்தை மீறியிருக்க வேண்டும். துணைத் தலைவரை நீக்கக் காரணம் எதையும் சட்டம் கேட்கவில்லை. (எனக்கு இது எப்போதும் வேடிக்கையாகத்தான் படும்.) உச்ச நீதிமன்ற நீதிபதிக்கோ 124ஆவது பிரிவு, நிரூபணமான தவறான நடத்தை அல்லது இயலாமை வேண்டும் என்கிறது. தவறான நடத்தை என்றால் எது? அதை அரசியல் சட்டம் விளக்கவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு நீதிபதி வி. ராமசாமி விவகாரம் நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பஞ்சாப்-ஹரியானா தலைமை நீதிபதியாக சண்டிகரில் இருந்தபோது அரசு வீட்டுக்கு மேஜை, நாற்காலி, கம்பளம் என்று வாங்கிய செலவுதான், அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு பெரிதாக வெடித்தது. 1991இல் 108 எம்.பி.க்கள் கையெழுத்திட்டார்கள். சபாநாயகர் ரபி ராய் அதை ஏற்று, நீதிபதி சாவந்த் தலைமையில் மூவர் குழு அமைத்தார். 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமாயின என்றது குழு.

1993 மே மாதம் 10, 11 தேதிகளில் மக்களவையில் விவாதம் நடந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சோம்நாத் சாட்டர்ஜி. ராமசாமிக்காக வக்கீல் கபில் சிபல் மணிக்கணக்கில் வாதாடினார். தெற்கத்தி நீதிபதி என்பதால் குறி வைக்கிறார்கள் என்ற பேச்சும் அப்போது எழுந்தது.

ஓட்டெடுப்பில் ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். காங்கிரஸும் கூட்டணிக் கட்சிகளுமாக 205 பேர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை நிறைவேறியது. சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்ற இன்னொரு நிபந்தனை நிறைவேறவில்லை. தீர்மானம் விழுந்தது.

குழு சொன்னது தப்பு என்றால் எழுந்து நின்று இல்லை என்று ஓட்டுப் போட்டிருக்கலாம். இத்தனை செலவு தவறான நடத்தைதானா, அல்லவா என்பதை அந்த 205 பேரும் சொல்லாமலே போனார்கள். ராமசாமி 1999இல் சிவகாசியில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றது தனிக்கதை.

2011இல் கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென் விஷயம் மாநிலங்களவைக்கு வந்தது. வக்கீலாக இருந்தபோது கோர்ட் ரிசீவராகக் கையாண்ட பணம் பற்றிய புகார் அது. நீதிபதி ஆவதற்கு முன் செய்தது கணக்கில் வருமா? வரும் என்று 189 பேர் ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்தவர்கள் 17. மக்களவையில் விவாதம் வருவதற்குள் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.