பாடி டிஸ்ட்ரிப்யூட்டரும் 2 பல் இல்லாத சக்கரமும்

எங்க அம்பத்தூர் பக்கத்து கார் வரலாறுன்னா பாடியில இருந்துதான் ஆரம்பிக்கணும் மக்களே. 1961-ல் தொடங்கின லூகாஸ்-டிவிஎஸ் அங்கேதான் ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிப்யூட்டர் எல்லாம் செஞ்சது. அந்தக் காலத்து மெக்கானிக் வண்டி நின்னா டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறப்பார். சி.பி. பாயின்ட்டை உப்புத்தாளால தேய்ப்பார், இடைவெளியைச் சரி பண்ணுவார். கோளாறு கண்ணுக்குத் தெரிஞ்சது.

1998-ல் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ தயாராச்சு. 2001-ல் சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 வந்தது. கார்புரேட்டரும் பாயின்ட்டும் படிப்படியா போய், கம்ப்யூட்டர் உட்கார்ந்துச்சு. கிராங்க் எந்த நிலையில இருக்குன்னு அதுக்குச் சொல்றது கிராங்க் சென்சார். பல கார்கள்ல 60 பல்லுக்கு இடமுள்ள சக்கரத்துல 2 பல் மட்டும் இருக்காது. கணக்கு அந்த இடைவெளியில இருந்துதான் தொடங்கும். சிக்னல் போச்சுன்னா பெரும்பாலும் ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது.

சூடானா நிக்கும், ஆறினா கிளம்பும். இதுதான் இந்தக் கோளாறோட பிரபலமான லட்சணம். பழி மட்டும் பெட்ரோல் பம்ப் மேல விழும். ஸ்கேனர் போட்டா பி0335 வரும். உடனே சென்சாரை மாத்திடறாங்க. ஆனா அந்த கோட் சொல்றது "சிக்னல் சரியில்லை"ங்கறதை மட்டும்தான். ஒயர் உரசியிருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம், பல் உடைஞ்சிருக்கலாம். எரர் மெசேஜ் காட்டுற வரியிலதான் பிழைன்னு எந்த புரோகிராமரும் அடிச்சுச் சொல்ல மாட்டான் இல்லையா?

மல்ட்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் சூடா இருக்கும்போதே ஒயரையும் சென்சாரையும் சோதிக்கணும். "முதல்ல ஸ்பார்க் வருதா பாரு"ன்னு ஆரம்பிச்ச பாயின்ட் காலத்து மெக்கானிக்கோட அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேணும். அது இல்லேன்னா காசு போறது வண்டிக்காரருக்கு, பேர் கெடறது மெக்கானிக்குக்கு.