கிளினிக் நாளும் கொள்ளைநோய்க் காலமும்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர் இறந்தோரை எண்ணுவர். நோய் எத்துறைமுகத்தால் வந்தது, எத்தனை மாதம் நின்றது என்பவற்றை ஆராய்வர். அந்நோய் நாட்டில் நின்ற காலத்திலே வேறு பிணிகளோடு வாழ்ந்த மக்கள் என்ன ஆயினர் என்று கேட்போர் மிகச் சிலரே. நீரிழிவுக்காரர், கருவுற்ற தாய், தடுப்பூசிக்குரிய குழந்தை, காசநோய்க்கு ஆறு மாதம் மருந்துண்ண வேண்டியவர் ஆகிய இவர்களெல்லாம் ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் ஒரே வினாவை எதிர்நோக்கியுள்ளனர்: குறித்த நாளில் வைத்தியரிடம் போவதா, விடுவதா?

நமது நாட்டிலே இவ்வினா 2020ஆம் ஆண்டு வீடுதோறும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. மாதந்தோறும் கொப்பியை எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, விடியற்காலையிலேயே இலக்கம் பெற்று, நெருக்கியடித்துக் காத்திருந்து மருந்து வாங்கும் இலட்சக்கணக்கான மக்கள் வீட்டிலே இருந்தனர். போனால் கொவிட் தொற்றக்கூடும். போகாவிடின் குளிசை முடிந்துவிடும். முதியோரே இரு பக்கத்தாலும் கூடுதலாகத் தாக்கப்படக்கூடியவர்கள். இதனைத் தனி மனிதரின் துணிவையோ முன்யோசனையையோ பொறுத்த விடயமாகவே பலர் பேசினர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. போவதற்கும் விடுவதற்கும் இடையிலான அத்தெரிவின் எல்லைகள், நோய் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே சமுதாய அமைப்பினால் வகுக்கப்பட்டுவிடுகின்றன என்பதே நாம் இங்கு காட்ட விரும்புவது.

முறையாக வைத்தியரைப் பார்த்துவருதல் என்னும் வழக்கமே நமக்குப் புதியது. பண்டைக் காலத்தில் நோய் முற்றியபோதுதான் வைத்தியரைத் தேடினர். நோய் வருமுன் மக்களைத் தேடிச் செல்லும் வைத்தியம் குடியேற்ற ஆட்சியின் கீழே, அதுவும் தோட்டங்களின் தேவையை ஒட்டியே, இங்கு வேரூன்றத் தொடங்கியது. 1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டத் தொழிலாளரிடையே கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்தனர். இரத்தமிழந்து சோர்ந்த தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பான் என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். எனினும் அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு அவ்வெல்லையைக் கடந்தது. மருத்துவமாதும் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகச் செல்லும் முறை அங்கே உருவாயிற்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் கிராமத்து மக்களின் நோயைப் புறக்கணித்து எவரும் அரசியல் நடத்த இயலாத நிலை தோன்றியது.

அந்நிலை 1934ஆம் ஆண்டின் இறுதியிலே கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. மழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டமின்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் வாழ்ந்தோர் உலர் வலயத்து மக்களைப் போல அந்நோயோடு பழகியவர்களல்லர். அவர்களது உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. வீட்டிலிருந்த அனைவரும் காய்ச்சலில் கிடக்கையில், பல மைல் நடந்து மருந்துசாலைக்குப் போக யார் இருந்தனர்? போவதா விடுவதா என்று சிந்திக்கும் வசதிகூட அவ்வேழைகளுக்கு இருக்கவில்லை.

அக்காலத்திலே சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் கிராமங்களுக்குச் சென்றதை நம் இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை அறிந்தோர் நன்கறிவர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க வைத்தியப் பணியை நடத்தினார். என். எம். பெரேரா பருப்பு விநியோகித்தமையால் 'பருப்பு மாத்தையா' என்று பெயர் பெற்றார். கொயினாவோடு உணவையும் அவர்கள் கொண்டு சென்றமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. மக்களைக் கொன்றது நுளம்பு மட்டுமன்று, வெறும் வயிறும் கூட என்பதை அவர்கள் குடிசைகளிலே கண்டனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது இவ்வனுபவம் அதன் முன்னோடிகளின் நெஞ்சில் பதிந்திருந்தது.

அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை புகுத்தப்பட்டதும் வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அது கைவிடப்பட்டது. இடதுசாரிகளும் பங்குபற்றிய ஓர் அரசாங்கமே அக்கட்டணத்தை விதித்தது என்பதை நாம் மறைத்தலாகாது. கொள்ளைநோய் எதுவுமில்லாத காலத்திலேகூட, வைத்தியரிடம் போவதா என்ற முடிவை ஒரு சிறு நாணயம் மாற்றிவிட வல்லது என்னும் பாடத்தை அது தந்தது.

இனி, நமது காலத்துக்கு அண்மையதும் நமது நாட்டுக்குப் புறம்பானதுமான ஓர் உதாரணத்தை நோக்குவோம். 2014ஆம் ஆண்டு மேற்கு ஆபிரிக்காவிலே கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா பரவியது. 28,600 பேருக்கு மேல் நோயுற்றனர்; 11,300 பேருக்கு மேல் மாண்டனர். அந்நாடுகளில் நோய் வருமுன்னரே ஓர் இலட்சம் மக்களுக்கு ஒருவர் அல்லது இருவரே வைத்தியராயிருந்தனர். உள்நாட்டுப் போர்கள் மருத்துவ அமைப்பைச் சிதைத்திருந்தன. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள் சுகாதார ஊழியரை நியமிப்பதற்குத் தடையாயிருந்தன என ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். வைத்தியசாலையே தொற்றுமிடமாயிற்று. சுகாதார ஊழியருள் 800க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறக்குறைய 500 பேர் மாண்டனர். ஆதலால் மக்கள் அங்கு செல்ல அஞ்சியதைப் பேதைமை என இகழ்தல் தகாது. எபோலாவும் மலேரியாவும் காய்ச்சலாகவே தொடங்குகின்றன. மலேரியாக் காய்ச்சலுற்ற குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய், அக்குழந்தை எபோலாக் கூடத்தில் அடைக்கப்படுமோ எனத் தயங்கினாள். மருத்துவ வசதி அரைவாசியாகக் குறைந்திருப்பின், மலேரியா, காசநோய், எச்.ஐ.வி. என்னும் மூன்றினால் மட்டும் மேலதிகமாக ஏறத்தாழ 10,600 பேர் மாண்டிருப்பர் என 2016இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. எபோலாவினால் மாண்டோரின் தொகைக்கு இது ஏறக்குறையச் சமமானது.

அங்கும் தீர்வு வந்த வழியைக் கவனித்தல் வேண்டும். 'அஞ்சாமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்' என்ற அறிவுரையோடு சியரா லியோன் நின்றுவிடவில்லை. 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் ஏறத்தாழ 25 இலட்சம் மக்களை நோக்கி வீடு வீடாக மலேரியா மருந்து கொண்டு செல்லப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு முன் நமது கேகாலைக் கிராமங்களில் இளைஞர் சிலர் செய்த வேலையை அங்கே ஓர் அரசு சர்வதேச உதவியோடு செய்தது.

2020இல் உலகமே இச்சோதனைக்கு உட்பட்டது. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலே அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் வயது வந்தோரில் 41 சதவீதத்தினர் வைத்தியத்தைப் பின்போட்டனர் அல்லது தவிர்த்தனர் என மதிப்பிடப்பட்டது. அவசர வைத்தியத்தைத் தவிர்த்தோர் கறுப்பினத்தவர், உடலூனமுற்றோர், ஒன்றுக்கு மேற்பட்ட பிணியுடையோர் ஆகியோரிடையே கூடுதலாக இருந்தனர். வைத்தியம் மிகத் தேவையானவரே வைத்தியத்துக்கு மிகத் தூரத்தில் நின்றனர். உலகளவிலே, புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளர் தொகை 2019இல் 71 இலட்சமாயிருந்து 2020இல் 58 இலட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, நோயாளரைக் கண்டறிவதே குறைந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்துவந்த காசநோய் மரணம் அவ்வாண்டு மீண்டும் கூடியது. அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெறாத குழந்தைகள் 2 கோடி 30 இலட்சம். முந்திய ஆண்டிலும் 37 இலட்சம் அதிகம்.

இந்நிலையில் நமது நாடு செய்த ஒன்றைக் குறிப்பிடுதல் கடமையாகும். ஊரடங்கு வேளையில் கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால் ஊழியர் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. கடிதம் சுமந்த பையிலே குளிசையும் சென்றது. இஃது ஒரே நாளில் எவரோ கண்டுபிடித்த உபாயமன்று. நோயாளரின் பெயரும் மருந்தும் வைத்தியசாலைப் பதிவேட்டில் இருந்தன, மருந்து இலவசமாயிருந்தது, ஊர்தோறும் அரசாங்கத் தபாற்கந்தோர் இருந்தது. மக்கள் பல தலைமுறையாகப் போராடிப் பெற்ற பொதுச் சொத்துக்களே அந்தப் பொதியைச் சுமந்து சென்றன. மருந்தையும் பதிவையும் தனியார் கடைக்கு விட்டிருந்தால் தபாற்காரர் எதைக் கொண்டு போயிருப்பார்?

ஆயினும் பொதி அனுப்புவதால் மட்டும் பிரச்சினை தீர்வதில்லை. இரத்த அழுத்தத்தைத் தபாற்காரர் அளக்கமாட்டார். நீரிழிவுக்காரரின் காற்புண்ணை அவர் பார்க்கமாட்டார். எல்லாச் சந்திப்புகளும் ஒரு தரத்தனவல்ல. நலமாயிருப்பவர் பல் துப்புரவு செய்துகொள்வதைச் சில மாதம் தள்ளலாம்; பழைய குளிசையைத் தொடர்வதா என்பதைத் தொலைபேசியிற் கேட்டறியலாம். கர்ப்பிணியின் பரிசோதனை, குழந்தையின் தடுப்பூசி, காசநோய் மருந்து, நெஞ்சு நோவு ஆகியன காத்திருக்கமாட்டா. இப்பாகுபாட்டை ஒவ்வொரு குடும்பமும் பயத்தினிடையே தானாகச் செய்துகொள்ளும்படி விடுதல் ஆகாது. எவரெவர் வரவேண்டும், எவரெவரிடம் மருத்துவமாதோ வைத்தியரோ செல்லவேண்டும் என்று வகுத்து, வருவோருக்குக் காற்றோட்டமான இடமும் நெரிசலற்ற நேரமும் அமைத்துக் கொடுப்பது அரசின் பொறுப்பு. நாட்கூலிக்காரருக்கு கிளினிக் நாள் என்பது கூலியிழக்கும் நாள். தோட்டத்து லயத்தில் வாழ்பவருக்கு வைத்தியசாலை ஒரு வாகனக் கூலியின் தூரத்தில் இருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை கொள்ளைநோயற்ற காலத்திலும் இவ்வினா தீர்ந்ததில்லை.

2022ஆம் ஆண்டு இதனை மேலும் தெளிவாக்கியது. கொவிட் அச்சம் தணிந்து மக்கள் மீண்டும் வரிசையில் நின்றபோது, அந்நியச் செலாவணி இன்மையால் வைத்தியசாலைகளிலே மருந்து தட்டுப்பட்டது. வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. தொற்றுக்கு அஞ்சி முன்பு போகாதிருந்தவர், போயும் பயனில்லை என்று இப்போது போகாதிருந்தார். கொள்ளைநோய் செய்ததையே கடன் நெருக்கடியும் செய்தது.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வந்தபின் மருத்துவமாதை நியமிக்க முடியாது; தபாற்கந்தோரைக் கட்ட முடியாது. 'கிளினிக்குக்குப் போகலாமா?' என்று அன்று ஒரு மூதாட்டி கேட்கப்போகும் கேள்விக்கு இன்றைய வரவுசெலவுத் திட்டங்களிலேயே விடை எழுதப்படுகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வெண்களை வாசிக்கப் பழகுதல் வேண்டும்; வாசித்ததை ஊருக்கு எடுத்துரைத்தலும் வேண்டும்.