டொக்டர் எழுதுற குளிசைதானே!

"மச்சான், இது தூள் இல்லை. டொக்டர்மார் எழுதுற குளிசைதான், ஒண்டும் செய்யாது." எங்கட பட்ச்சில ஒருத்தனுக்கு முதல் பிரீகபலின் குளிசையைக் கொடுத்தவன் சொன்ன வசனம் இது. பிறகு அவன் ஒரு செமஸ்டரையே விட்டான். இந்த வசனத்தின் வயசைத் தேடிப் போன எங்களுக்கு, அது 120 வருசத்துக்கும் பழசு எண்டு தெரிஞ்சுது.

"தூள்" எண்டு நாங்கள் முகம் சுளிக்கிற ஹெரோயினும் பாமசியிலிருந்து வந்ததுதான். 1874இல் லண்டனில் அல்டர் ரைட் என்ற இரசாயனவியலாளர் மோர்பினிலிருந்து அதை முதலில் தயாரித்தார்; அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1897 ஓகஸ்டில் ஜேர்மனியின் பேயர் கம்பனி அதைத் திரும்பத் தயாரித்தது. அதே மாதம், அதே ஆய்வுகூடத்தில்தான் அஸ்பிரினும் பிறந்தது! 1898இல் ஹெரோயின் இருமல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் காசநோயும் நிமோனியாவும் பெரிய கொலைகாரர்கள். இரவிரவாக இருமுகிறவனுக்கு நித்திரை தருகிற மருந்தை யார்தான் வேண்டாம் என்பார்? மோர்பின் போல இது அடிமையாக்காது என்றும் சொன்னார்கள்.

நடந்தது தலைகீழ். ஹெரோயின் மோர்பினை விட வேகமாக மூளைக்குள் நுழைந்து, அங்கே மோர்பினாகவே மாறுகிறது. உடம்பு பழகப் பழக அளவு கூடும். அளவு கூடினால் மூச்சு மெதுவாகி நிண்டுபோகும். 1913இல் பேயர் தயாரிப்பை நிறுத்தியது. 1924இல் அமெரிக்கா தடை செய்தது. ஆனால் மருந்து அதற்கு முதலே தெருவுக்கு வந்துவிட்டது.

"ஐஸ்" கதையும் இதுதான். 1893இல் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி தயாரித்த மெத்தம்பெட்டமைன், 1938இல் ஜேர்மனியில் "பெர்விட்டின்" என்ற குளிசையானது. துண்டு இல்லாமலே வாங்கலாம். களைப்புத் தெரியாமல் இருக்க போர்முனைக்கும் போனது. ஜப்பானில் "ஹிரோப்போன்" என்ற பெயரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளருக்குக் கிடைத்தது. போர் முடிய மிச்சக் கையிருப்பு சந்தைக்கு வந்தது. 1951இல் சட்டம் போட்டும், 1954இல் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள். அவர்கள் எல்லாரும் பிறவிக் காவாலிகளா என்ன?

1996இல் அமெரிக்காவில் பேர்டியூ கம்பனி ஒக்ஸிகொன்டின் என்ற வலி மருந்தோடு அதே வசனத்தைத் திரும்பச் சொன்னது. 2007இலும் 2020இலும் அந்தக் கம்பனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடையில் செத்தவர்கள் திரும்பி வரேல்லை.

பிரீகபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் உண்மையிலேயே தேவையான மருந்து. எங்கட ஊரில் நீரிழிவால் கால் எரியிற எத்தனையோ அம்மம்மாக்களுக்கு அதுதான் நித்திரை தருது. ஆனால் துண்டு இல்லாமல், கண்டபாட்டுக்கு, மதுவோடோ தூளோடோ போட்டால் அதுவும் மூச்சை அடக்கும். பிரித்தானியா 2019 ஏப்ரலில் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது. திடீரென விட்டாலும் வியர்வை, பதட்டம், நித்திரையின்மை. அவன் விட்ட முதல் கிழமை நாங்கள் முறை வைத்து அறையில் முழிச்சிருந்தோம்.

இப்ப கிளினிக்குக்குப் போறான், டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறார். யாரும் கேட்டால் டெங்கு எண்டு சொல்லச் சொல்லி வீட்டில சொல்லியிருக்கினம்.